நீலமென்றால் நீலம்

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்றைக்கு வகுப்பில் கார்பன். கார்பனுக்கு நாலு கை என்கிறார் சார். நாலு கையாலும் யாரையாவது பிடித்துக்கொண்டேதான் இருக்குமாம், சும்மா இருக்கத் தெரியாதாம். மாவு, எண்ணெய், இறைச்சி, முடி, நகம், நான் – எல்லாமே இந்த நாலு கைக்காரன் கட்டிய கட்டடம். ஐந்தரைக்கு எழுந்து, சமைத்து, மகளைப் பள்ளிக்குக் கிளப்பி, எட்டு மணிக்கு லேபில் நின்று, மாலை ஆறு மணிக்கு இந்த வகுப்பில் வந்து விழுகிற எனக்கு ரெண்டே கைதான். பொறாமையாக இருக்கிறது.

வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர். என்னைத் தவிர எல்லோரும் இருபதைத் தாண்டாதவர்கள். எனக்கு நாற்பத்தொன்று. முதல் நாள் நான் உள்ளே போனதும் டீச்சர் என்று நினைத்து எல்லோரும் எழுந்து நின்றார்கள். நானும் "உக்காருங்க" என்று சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அன்றைக்கு ஆரம்பித்த சிரிப்பு இன்னும் ஓயவில்லை.

இந்த வயசில் எதற்குப் படிப்பு என்று கேட்காதவர்கள் இல்லை. இங்கே எழுதி வைக்கிறேன், எனக்கே மறந்துபோனால் பார்த்துக்கொள்ள. ரத்தப் பரிசோதனை லேபில் பதினாலு வருஷமாகப் பரிசோதனை மேசையில் நிற்கிறேன். பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட வேலை, காகிதம் எதுவும் கிடையாது. அதனால் நான் செய்த பரிசோதனைக்கெல்லாம் கீழே வேறு யாருடைய கையெழுத்தாவது இருக்கும். ஜூன் மாதம் டாக்டரம்மா கூப்பிட்டுச் சொன்னார்: "புது விதி வந்திருக்கு. டிசம்பர் முப்பத்தொண்ணுக்குள்ள சான்றிதழ் இல்லாதவங்க மேசையில நிக்க முடியாது. வேணும்னா முன்னாடி உக்காந்து பேர் எழுதலாம்."

பேர் எழுதலாமாம். பதினாலு வருஷம் கழித்து.

அன்றைக்கே இந்த ஆறு மாத மாலை வகுப்பில் சேர்ந்தேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

பக்கத்து இருக்கைப் பெண் உச்சந்தலையில் பெரிய கொண்டை போட்டிருப்பாள். எனக்கு அவள் கொண்டை, அவளுக்கு நான் அக்கா. மற்றவர்களுக்கு ஆன்ட்டி. போகட்டும்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

குளுக்கோஸ்: கார்பன் ஆறு, ஹைட்ரஜன் பன்னிரண்டு, ஆக்சிஜன் ஆறு. ஃபிரக்டோஸ்: கார்பன் ஆறு, ஹைட்ரஜன் பன்னிரண்டு, ஆக்சிஜன் ஆறு.

அச்சுப் பிழை என்று நினைத்தேன். கை தூக்கிக் கேட்டேன். சார் பாவம், நல்லவர், எதைக் கேட்டாலும் "பத்து நிமிஷத்துல சொல்லிடறேன்" என்று ஆரம்பித்து முக்கால் மணி நேரம் சொல்வார். சரக்கு ஒன்றுதான், அடுக்கியிருக்கிற விதம்தான் வேறு என்றார். அப்படிச் சொன்னால் புரியாதா? நானும் என் தங்கையும் ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தவர்கள்தான். அவள் யார் என்ன சொன்னாலும் "சரி" என்பாள். எனக்கு அந்த வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிடும்.

இவை ரெண்டும் ஒற்றைச் சர்க்கரை. புத்தகத்தில் எளிய சர்க்கரை என்று போட்டிருக்கிறது. இனி உடைக்க முடியாத சின்னது என்று அர்த்தம். இவை ரெண்டும் கைகோர்த்தால் சுக்ரோஸ், அதாவது வீட்டில் டீக்குப் போடுகிறோமே அது. ஒற்றைகள் நூற்றுக்கணக்கில் சங்கிலியாகக் கோர்த்தால் மாவு.

அடுத்தது ஒடுக்கும் சர்க்கரை, ஒடுக்காச் சர்க்கரை. சர்க்கரை யாரை ஒடுக்குகிறது என்று கொண்டை என் காதில் கேட்டாள். "தாமிரத்தை" என்றேன். நீலமான பெனடிக்ட் கரைசலில் தாமிரம் இருக்கிறது. குளுக்கோஸைச் சேர்த்துக் கொதிக்க வைத்தால், அதன் சும்மா இருக்கிற ஒரு முனை தாமிரத்தைப் பிடித்து ஒடுக்கிவிடும். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் சிவப்பாக அடியில் படியும். ஆனால் சுக்ரோஸில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் அந்த முனையாலேயே ஒன்றையொன்று பிடித்துக்கொண்டுவிட்டன. வம்பு பண்ணக் கை இல்லை. எவ்வளவு கொதிக்க வைத்தாலும் நீலம் நீலமாகவே இருக்கும்.

சாப்பிடும்போது வீட்டில் சொன்னேன். அவர் லிஃப்ட் மெக்கானிக், நாள் முழுக்க ஏற்றி இறக்கிவிட்டுக் களைத்து வருவார். கேட்டுவிட்டு, "அப்ப நீ எந்தச் சர்க்கரை?" என்றார். மகள் பட்டென்று, "அம்மா ஒடுங்காச் சர்க்கரை" என்றாள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ரெக்கார்டு நோட்டு எழுதி முடியவில்லை. சோதனை, காண்பது, அறிவது என்று மூன்று பத்தி. ஒவ்வொன்றையும் செய்துவிட்டு எழுதுகிறேன், அதனால் தாமதம். கொண்டை போன வருஷத்து நோட்டை வாங்கி ஒரே மதியத்தில் எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டாள். "அக்கா, காண்பதுன்னு இருக்கறதெல்லாம் காணணும்னு இல்ல. எழுதணும், அவ்வளவுதான்" என்றாள். பிள்ளை நல்ல பிள்ளைதான். காது திருகலாம் போல இருந்தது.

அக்டோபர் 9, வியாழன்

சோதனைக்கூடத்துச் சீசாக்களில் எல்லாம் புது எழுத்து. எங்கள் பயிற்சிப் பள்ளி முதல்வர் அம்மா உத்தரவு: பிள்ளைகளுக்குப் புரிகிற மொழியில் ஒட்டுங்கள். சார் பட்டியல் எழுதிக்கொடுக்க, ஸ்டோர் அண்ணன் ரெண்டு நாள் உட்கார்ந்து வெட்டி ஒட்டினார். முத்து முத்தான கையெழுத்து. அவருக்குப் படிப்பு எட்டாவதோடு சரி, வேலை ஒப்பந்தத்தில், வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். "எப்படி இருக்கும்மா?" என்றார். "கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு அண்ணே" என்றேன். அவருக்கு வாயெல்லாம் பல்.

அக்டோபர் 28, செவ்வாய்

எழுத்துத் தேர்வு முடிந்தது. நன்றாகவே எழுதினேன். கொழுப்பு அமிலம் கேள்வியில் மட்டும் சொதப்பல். எனக்குக் கொழுப்பு வேறு இடத்தில் என்கிறார் அவர்.

நவம்பர் 4, செவ்வாய்

செய்முறைத் தேர்வு.

கோபம் இன்னும் ஆறவில்லை. 

முதல் கேள்வி ரத்த வகை. கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். மூன்றாவது நுண்ணோக்கி, சுமார். ரெண்டாவது: கொடுக்கப்பட்ட கரைசலில் ஒடுக்கும் சர்க்கரை உள்ளதா? பெனடிக்ட் எடுத்தேன், எட்டுச் சொட்டு கரைசல் விட்டேன், கொதிக்கும் தண்ணீரில் ஐந்து நிமிஷம் வைத்தேன். நீலம். கழுவிய குழாய் சரியில்லையோ என்று வேறு குழாயில் மறுபடி. நீலம். பத்து நிமிஷம் வைத்தேன். பிடிவாதமாக நீலம்.

சுற்றிலும் எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். ரெண்டாவது கேள்விக்கு எப்போதும் குளுக்கோஸ்தான் வைப்பார்கள் என்பது ஊரறிந்த ரகசியம். பக்கத்தில் கொண்டையின் தாளில் "செங்கல் சிவப்பு வீழ்படிவு" என்று இருந்தது. அவள் எதிரில் இருந்த குழாயில் – வானம் கூட அவ்வளவு நீலமாக இருக்காது.

நான் எழுதினேன்: நீலம் மாறவில்லை. ஒடுக்கும் சர்க்கரை இல்லை.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பெனடிக்ட் செய்யத் தெரியாதா?" என்றார். எனக்கா? பெனடிக்டா? இந்த ஆள் பள்ளிக்கூடத்தில் இருந்தபோதே நான் செய்துகொண்டிருந்த சோதனை. "தெரியும் சார். குழாய் நீலமா இருக்கு, நீங்களே பாருங்க" என்றேன். பார்க்கவில்லை. விடைக் குறிப்பைத்தான் பார்த்தார். "கொஞ்சம் அமிலம் குடுங்க, இது சுக்ரோஸா இருக்கும், உடைச்சுக் காட்டறேன்" என்றேன். "கேள்வியில அது இல்ல. நேரம் முடிஞ்சுது."

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

நவம்பர் 5, புதன்

நீலம். நீலம். நீலம். நூறு தடவை கேட்டாலும் நீலம்.

நவம்பர் 13, வியாழன்

மதிப்பெண் வந்தது. தேர்ச்சிக்கு ஐம்பது. எனக்கு நாற்பத்தேழு. ரெண்டாவது கேள்விக்கு இருபத்தைந்தில் சைபர். மற்ற முப்பத்தேழு பேரும் பாஸ், அந்தக் கேள்வியில் எல்லோருக்கும் இருபதுக்கு மேல்.

சார் தனியாகக் கூப்பிட்டார். "பத்து நிமிஷத்துல முடிச்சிடலாம்மா. ஒரு கடிதம் எழுதிக் குடுங்க. பதற்றத்தால் நிறத்தைத் தவறாக எழுதிவிட்டேன்னு ஒரே வரி. தேர்வாளர்கிட்ட பேசி அஞ்சு மார்க் கருணையில வாங்கிடறேன். டிசம்பர்ல சான்றிதழ் கையில."

"எனக்குப் பதற்றம் இல்லையே சார்."

"இல்லம்மா, ஒரு பேச்சுக்கு."

"பேச்சுக்குன்னா பேசலாம் சார். எழுதச் சொல்றீங்களே."

தலையைச் சொறிந்துகொண்டார். திங்கட்கிழமைக்குள் சொல்லுங்கள் என்றார்.

நவம்பர் 14, வெள்ளி

வீட்டில் சண்டை. "எழுதிக் குடுத்துட்டு வா, என்ன பெரிய சொத்தா போகுது, ஒரு வரி" என்றார் அவர். "நீ பிடிச்ச முயலுக்கு மூணே கால்தான்னு எத்தனை நாள் நிப்பே?"

"நான் எண்ணிப் பாத்தேங்க. மூணுதான் இருந்துச்சு."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சொல்வதும் நியாயம்தான், ஆறு மாதமாக மாலை வேலை எல்லாம் அவர் தலையில். ஒரு வரிக்காக அதெல்லாம் வீணா என்று கேட்டார். நான் கேட்டேன்: "லிஃப்ட்டு ரோப்பைப் பாக்காமலே 'பார்த்தேன்'னு டிக் போடுவீங்களா?"

"அது உயிர் சமாச்சாரம்" என்றார்.

அப்போதுதான் சொன்னேன். பன்னிரண்டு வருஷமாக யாரிடமும் சொல்லாதது. இங்கேயும் எழுதியதில்லை. எழுதுகிறேன்.

அப்போதெல்லாம் சிறுநீரில் சர்க்கரை பார்க்க பெனடிக்ட்தான். ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் சோதனை, அறுபது குப்பி. நாற்பது வரை கொதிக்க வைத்தேன், எல்லாம் நீலம். பிள்ளைகளுக்கு எங்கே சர்க்கரை வரப்போகிறது? மீதி இருபதைச் சூடாக்காமலே நீலம், நீலம் என்று எழுதிவிட்டு நேரத்தோடு வீட்டுக்குப் போனேன். மூன்று வாரம் கழித்து ஒரு ஒன்பது வயசுப் பெண்ணை நினைவில்லாமல் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ரத்தத்தில் சர்க்கரை மீட்டரே காட்ட முடியாத அளவு. பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். ஐம்பத்திரண்டாம் எண். நீலம் என்று இருந்தது. என் எழுத்து.

பிழைத்துவிட்டாள். யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் பாவி, நான்தான் செய்தேன், எனக்குத் தெரியும். அதற்கப்புறம் குழாயைப் பார்க்காமல் ஒரு எழுத்து எழுதியதில்லை. இனியும் எழுத மாட்டேன். சாகிற வரைக்கும் மாட்டேன்.

அவர் எழுந்து போய்க் கதவைத் தாழிட்டுவிட்டு வந்தார். பிறகு, "எழுதாதே" என்றார்.

நவம்பர் 17, திங்கள்

வகுப்புக்கு அரை மணி முன்னால் போனேன். சாரிடம், "கடிதம் எழுத மாட்டேன். ஆனா உங்க பத்து நிமிஷம் எனக்கு வேணும்" என்றேன். என்ன நினைத்தாரோ, சரி என்றார். தேர்வுக்குக் கரைசல் கலந்த அதே சீசாவை ஸ்டோர் அண்ணன் எடுத்துவந்தார். வெள்ளைப் பொடி. அவருடைய முத்தெழுத்தில்: எளிய சர்க்கரை.

ரெண்டு குழாய். ஒன்றில் அப்படியே பெனடிக்ட் விட்டுக் கொதிக்க வைத்தேன். நீலம். அதற்குள் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து சுற்றி நின்றுவிட்டார்கள். ரெண்டாவதில் நீர்த்த அமிலம் சில சொட்டு விட்டுக் கொதிக்கவிட்டேன். கைகோர்த்து நிற்கிற ரெண்டையும் பிரித்துவிடுகிற வேலை அமிலத்துடையது. ஆற வைத்து, சோடாப் பொடியை நுரை அடங்கும் வரை போட்டேன். பிறகு பெனடிக்ட், பிறகு சுடுதண்ணீர்.

பச்சை. மஞ்சள். ஆரஞ்சு. அப்புறம் செங்கல் சிவப்பு, அடியில் சேறு படிகிற மாதிரி.

"பாத்தீங்களா சார்? இது குளுக்கோஸே இல்ல. டீக்குப் போடற சர்க்கரை."

சார் பேசுவதற்கு முன்னால் ஸ்டோர் அண்ணன் பேசினார். ரொம்பச் சாதாரணமாக. "ஆமா, சர்க்கரைதானேம்மா? குளுக்கோஸ் தீந்துபோச்சு. சீசாவுல எளிய சர்க்கரைன்னு போட்டிருந்துச்சு. கடையில போய் நல்லதாப் பாத்து, கல்லு கட்டி இல்லாம, எளிசாக் கரையற சர்க்கரையா வாங்கிட்டு வந்து ரொப்பினேன்."

கூடம் முழுக்கச் சிரிப்பு. ஒருத்தன் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். அண்ணன் முகம் சுருங்கிப்போனது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்றே அவருக்குப் புரியவில்லை. எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ –

"சிரிக்காதீங்க! அவர் படிச்சதைச் செஞ்சார். நீங்க பாத்ததை எழுதல. யாரைப் பாத்து யார் சிரிக்கறது?"

மேசையைத் தட்டியவன் கையை எடுத்துக்கொண்டான். 

குளுக்கோஸுக்கு எளிய சர்க்கரை என்று பட்டியலில் எழுதியது யார் என்று நான் கேட்கவில்லை. சார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் 18, செவ்வாய்

முதல்வருக்குக் கடிதம் எழுதிவிட்டேன். என் குழாயைப் பற்றி மட்டும். வேறு யார் பெயரும் இல்லை. அனுப்புவதற்கு முன்னால் செய்தி பரவிவிட்டது. விஷயம் மேலே போனால் எல்லோருடைய தேர்வும் ரத்தாகும் என்று பயம். பையன்கள் ரெண்டு பேர் வழிமறித்தார்கள். "ஆன்ட்டி, உங்களுக்கு வேலை இருக்கு. எங்களுக்கு இந்தச் சான்றிதழை வெச்சுத்தான் வேலையே. அஞ்சு மார்க் தரேன்னு சொல்றாங்கல்ல, வாங்கிட்டுப் போங்களேன்."

அவர்கள் சொல்வதில் தப்பில்லை. அதுதான் கஷ்டம். கெட்டவர்களாக இருந்தால் திட்டிவிட்டு வந்திருப்பேன்.

"எனக்கும் வேலை போகும் தம்பி" என்று மட்டும் சொன்னேன்.

நவம்பர் 19, புதன்

யாரும் என்னோடு பேசவில்லை. முப்பத்தேழு பேர் பேசாமல் இருந்தால் எவ்வளவு சத்தமாக இருக்கிறது.

நவம்பர் 21, வெள்ளி

கடிதம் இன்னும் பையில்தான். மூன்று நாளாக. வீரமெல்லாம் வாயில்தான் போலிருக்கிறது. முப்பத்தேழு வீட்டில் அடுப்பைக் கெடுத்து எனக்கு என்ன கிடைக்கப்போகிறது? யாருக்காக? அந்த ஐம்பத்திரண்டாம் எண்ணுக்காகவா? அவள் இப்போது எங்கேயோ காலேஜில் இருப்பாள்.

பேருந்து நிறுத்தத்தில் இதையே மென்றுகொண்டு நின்றேன். கொண்டை வந்து பக்கத்தில் நின்றாள். ரெண்டு பேருந்து போனது. அவள் ஏறவில்லை.

"அக்கா. எனக்கும் நீலந்தான் வந்துச்சு."

"தெரியும். பாத்தேன்."

"பாத்தும் ஏன் சொல்லல?"

"அது உன் குழாய். நீதான் சொல்லணும்."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "புத்தகத்துல சிவப்புன்னு இருக்கு. எல்லாரும் சிவப்புன்னு எழுதறாங்க. என் கண்ணுதான் சரியில்லன்னு நெனச்சேன்க்கா. நெஜமா. என் கண்ணுதான்னு."

 இந்தப் பிள்ளை நாளைக்கு ஒரு லேபில் நிற்கும். யாரோ ஒருத்தருடைய ரத்தத்தைப் பார்க்கும். பார்த்துவிட்டு, தன் கண்தான் சரியில்லை என்று நினைத்துக்கொள்ளும்.

கடிதத்தை எடுத்துக் காட்டினேன். படித்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, என் முதுகையே மேசையாக்கி, என் கையெழுத்துக்குக் கீழே அவளும் போட்டாள். பேருந்துக்குக் காத்திருந்த ஒருவர் நாங்கள் ஏதோ சொத்தை எழுதி வாங்குகிறோம் என்று நினைத்திருப்பார்.

நவம்பர் 25, செவ்வாய்

முதல்வர் அறை. முதல்வர் அம்மா, சார், ஸ்டோர் அண்ணன், நான், கொண்டை. கடிதம் மேசை மேல்.

முதல்வர் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, முதலில் ஸ்டோர் அண்ணனைத்தான் பார்த்தார். "ரசாயனச் சீசாவுல கடைச் சர்க்கரையைக் கொட்டறவரை வெச்சுக்கிட்டு எப்படி நடத்தறது? இந்த மாசத்தோட போதும்."  அண்ணன் சட்டைப் பொத்தானையே திருகிக்கொண்டிருந்தார்.

எளியவன் தலையில்தான் எல்லாமும் விடியுமா? அந்த வார்த்தைக்கே அதுதான் அர்த்தமா?

"மேடம், அவர் மேல நான் புகார் எழுதல" என்றேன். "சீசாவுல குளுக்கோஸ்னு இருந்திருந்தா குளுக்கோஸ்தான் வாங்கியிருப்பார். எளிய சர்க்கரைன்னு இருந்தா நானே கடைக்குத்தான் போவேன். நீங்க எங்க போவீங்க?"

கொஞ்சம் அதிகம்தான். கொண்டை என் முழங்கையைக் கிள்ளினாள். முதல்வர் அம்மாவின் புருவம் ஏறியது. இறங்கவில்லை.

"அப்ப அந்தப் பெயரை எழுதினது யாரு?"

நான் வாயைத் திறக்கவில்லை.  சார் எழுந்து நின்றார். எதற்கு எழுந்தார் என்று அவருக்கே தெரியாத மாதிரி இருந்தது.

"நான்தான் மேடம். குளுக்கோஸ்னு அப்படியே எழுதியிருக்கலாம். தமிழா இருக்கட்டுமேன்னு புத்தகத்துல இருந்த வார்த்தையைப் போட்டேன். கரைசலையும் தேர்வுக்கு முன்னாடி ஒரு தடவை சோதிச்சிருக்கணும். சோதிக்கல."

பத்து நிமிஷம் ஆகவில்லை. அரை நிமிஷத்தில் சொல்லி முடித்துவிட்டார். இந்த மனிதரை ஆறு மாதமாகக் கேலி செய்திருக்கிறேன்.

டிசம்பர் 6, சனி

முடிவு வந்தது. ரெண்டாவது கேள்வி எல்லோருக்கும் செல்லாது. முப்பத்தெட்டுப் பேருக்கும் ஜனவரி பத்தாம் தேதி மறு செய்முறை. ஸ்டோர் அண்ணனுக்கு வேலை இருக்கிறது. சாருக்கு எழுத்தில் கண்டிப்பு. எனக்கு சைபர் போட்ட தேர்வாளரிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. எதிர்பார்க்கவும் இல்லை.

ஜனவரி பத்து என்றால் டிசம்பர் முப்பத்தொன்று தாண்டிவிடும். கணக்கு எனக்குத் தெரியாதா?

டாக்டரம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "நீங்க செஞ்சது சரி" என்றார். "ஆனா விதி விதிதான். எனக்கும் அதே விதி." நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேனா? தெரியவில்லை. வரும் வழியில் அழுதேன். எழுதி வைக்கிறேன், அழவில்லை என்று பின்னால் பீற்றிக்கொள்ளாமல் இருக்க.

டிசம்பர் 31, புதன்

மேசையைத் துடைத்து, குழாய்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தேன். நாளையிலிருந்து அந்த இடத்தில் நிற்கப்போகிற பையனிடம், மூன்றாவது மைக்ரோஸ்கோப்பின் திருகு தளர்ந்திருக்கிறது என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல?

ஜனவரி 1, வியாழன்

வரவேற்பு. காலையிலிருந்து முப்பத்தொரு பேர். "சர்க்கரை பாக்கணும்." "சர்க்கரை இருக்கான்னு பாக்கணும்." "எனக்குச் சர்க்கரையே இல்லம்மா, இவதான் கூட்டிட்டு வந்தா." பெயர், வயது, பெயர், வயது. சிரித்த முகமாக இருக்க வேண்டுமாம். பதினாலு வருஷத்தில் ஒரு ரத்தக் குப்பிகூட என்னைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னதில்லை.

ஒடுங்க மாட்டேன். ஒன்பதே நாள்.

ஜனவரி 10, சனி

மறுதேர்வு. வேறு தேர்வாளர், வயதான அம்மா, கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டிருந்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு எண் போட்ட குழாய். ஒரே கரைசல் இல்லை, வேறு வேறு. யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. மேசையில் அமிலமும் சோடாவும் இருந்தன. எளிய சர்க்கரை என்ற சீசா எங்கேயும் இல்லை.

வழிமறித்த பையன் எனக்கு எதிர் மேசை. உள்ளே வரும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

குழாயைச் சுடுதண்ணீரில் வைத்துவிட்டு நிமிர்ந்தேன். எனக்கு என்ன வந்தது என்பதை அப்புறம் எழுதலாம், முதலில் இதை எழுத வேண்டும். முப்பத்தேழு பேர். பேனா எல்லாம் மேசை மேல் கிடக்கிறது. ஒருத்தரும் எழுதவில்லை. எல்லோரும் குனிந்து குழாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கொண்டை கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, பால் பொங்குவதைப் பார்க்கிறவள் போல நின்றாள். எதிர் மேசைப் பையன் குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான். மறுபடி வைத்தான். மறுபடி தூக்கினான்.

எனக்கு வந்தது மஞ்சளும் இல்லாத பச்சையும் இல்லாத ஒரு நிறம். புத்தகத்தில் இல்லாதது. அப்படியே எழுதினேன்: மஞ்சளும் பச்சையும் கலந்தது, சர்க்கரை கொஞ்சமாக உள்ளது. தேர்வாளர் அம்மா கண்ணாடியை இறக்கிக் குழாயைப் பார்த்துவிட்டுத்தான் தாளைப் பார்த்தார்.

ஜனவரி 29, வியாழன்

பாஸ். எழுபத்தொன்று. முப்பத்தெட்டுப் பேரில் முப்பத்து நாலு பேர். அந்தப் பையனும் பாஸ். கொண்டைக்கு என்னைவிட ஆறு அதிகம், அதைச் சொல்லவே வீடு வரை வந்தாள்.

தவறிய நாலு பேரும் போன தடவை பாஸ். அவர்கள் என்னோடு பேசவில்லை. பேச வேண்டியதில்லை.

பிப்ரவரி 9, திங்கள்

மறுபடி மேசை. மைக்ரோஸ்கோப்புத் திருகை இன்னும் யாரும் முறுக்கவில்லை, நானே முறுக்கினேன். பத்து மணிக்கு டாக்டரம்மா ஒரு ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து எதிரில் வைத்தார். "பரிசோதித்தவர்" என்ற இடத்தில் என் பெயர் அச்சடித்திருந்தது. கீழே கோடு. "போடுங்க" என்றார்.

ரத்தச் சர்க்கரை. எண் கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது. ஆள் வெளியே நன்றாக நின்று போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பேனாவை மூடிவிட்டுக் குப்பியை மறுபடி எடுத்தேன்.

கால் மணி நேரம் ஆனது. அவர் ஜன்னலுக்கு வந்துவிட்டார்.

"ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு நேரமா?"

"ஆமாங்க" என்றேன். "உக்காருங்க."